தகவல் சொல்கிற ஆள்

பேண்ட் பைக்குள் போன் மறுபடியும் அதிர்ந்தது. ஞானதுரை எடுக்கவில்லை. பைக்கு மேலேயே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு கண்ணை மட்டும் ஆடுகளத்துப் பாயில் வைத்திருந்தார். யார் என்று பார்க்கவே வேண்டாம், இசக்கியின் தம்பி பலவேசம்தான். என்ன கேட்பான் என்றும் தெரியும். அக்காட்ட சொல்லியாச்சா சார், ரயில்ல ஏத்தி விட்டாச்சா, எப்ப வந்து சேருவா என்று சுற்றி வளைத்து வருவான், கடைசியில் கேட்க வேண்டியது ஒன்றுதான், எப்ப எடுக்கலாம். அதைக் கேட்க எந்த வீட்டு ஆளுக்கும் சட்டென்று வாய் வராது, எத்தனை பேரைப் பார்த்தாயிற்று. எடுத்தால் பேச வேண்டும், பேசினால் பக்கத்து நாற்காலியில் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிற கோச் தமயந்தி திரும்பிப் பார்ப்பாள், அவள் முகத்தில் எதுவும் மறையாது, அந்த முகத்தைப் பாயில் நிற்கிற ஏழு பிள்ளைகளும் பார்த்துவிடும். வேண்டாம். ஆட்டம் முடியட்டும். இதோ ஆஃப் டைம் முடிந்து இரண்டாம் பாதி ஆரம்பித்தாயிற்று, இன்னும் கொஞ்ச நேரம்தானே. செத்தவருக்கு அவசரம் இல்லை. பெண்கள் கபடி, தேசிய அளவில் இறுதி ஆட்டம், எதிரே ஹரியானா, அதுவும் அவர்கள் மண்ணிலேயே, அரங்கம் கொள்ளாத கூட்டம் அவர்கள் ஊர்ப் பாஷையில் கத்துகிறது, நம் பிள்ளைகள் நாலு புள்ளி பின்னால் நிற்கிறார்கள். இந்த நேரத்தில் ரெய்டுக்குப் போகிற ஒரே நம்பிக்கையான பிள்ளையான இசக்கியைக் கூப்பிட்டு உங்க அப்பா போயிட்டாரும்மா என்று சொல்கிறவன் மனுஷனா. சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறவன் மட்டும் என்ன பெரிய மனுஷன் என்று இன்னொரு குரல் கேட்டது. ஞானதுரை அந்தக் குரலை, ஸ்டேஷனில் வரிசை மீறிப் பேச வருகிறவனைப் பார்ப்பது போல, ஒரு பார்வை பார்த்து ஓரமாக உட்கார வைத்தார். அவர் சட்டை முதுகில் மேனேஜர் என்று எழுதியிருந்தது. அதைக் கழற்றினால் இன்ஸ்பெக்டர், தூத்துக்குடிப் பக்கம் ஒரு சட்டம் ஒழுங்கு ஸ்டேஷன். இரண்டையும் எப்படி ஐயா சமாளிக்கிறீங்க என்று கேட்காத ஆள் இல்லை. எங்கே சமாளித்தார். திருவிழா பந்தோபஸ்தில் நிற்கும்போது எந்தப் பிள்ளைக்கு எந்தக் கணுக்கால் வீங்கியிருக்கிறது என்று மனசு ஓடும், பயிற்சி முகாமில் நிற்கும்போது ரிமாண்டுக்கு அனுப்ப வேண்டியவனை அனுப்பினார்களா என்று ஓடும். நீ போலீஸா பி.டி. மாஸ்டராய்யா என்று டி.எஸ்.பி. மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள், இவரும் சேர்ந்து சிரித்தார். இசக்கி கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே போனவள் திரும்பி வர வேண்டுமே. கபடி கபடி என்று அவள் பாடுவது இந்தக் கூச்சலில் கேட்காது, உதடு அசைவதுதான் தெரியும், அந்த உதட்டைப் பார்த்தபோது ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் வந்த அந்த முதல் போன் ஞாபகம் திரும்பவும் வந்து நின்றது. பிள்ளைகள் வரிசையாக நின்று கை கொடுத்துக்கொண்டிருந்த நேரம். சார், நான் இசக்கி தம்பி பலவேசம் பேசுதேன், அப்பாவ பெரிய ஆஸ்பத்திரியில சேத்திருக்கு, உப்பளத்துல வேல பாத்துட்டு இருக்கும்போதே நெஞ்சப் பிடிச்சிட்டு உக்காந்துட்டாவ, கொஞ்சம் சீரியஸா இருக்குன்னு சொல்லுதாங்க. அவ்வளவுதான் கேட்டார் ஞானதுரை. அதற்கு மேலே அவனைப் பேச விடவில்லை. சரி தம்பி, புரிஞ்சிட்டு, நான் பாத்துக்கிடுதேன், நீ அம்மாவப் பாத்துக்க என்று வைத்துவிட்டார். புரிந்துதான் விட்டது. குரலில் அழுகை இல்லை, பதற்றம் இல்லை, பாடம் ஒப்பிக்கிற மாதிரி வந்தது, அப்படி வந்தால் முடிந்துபோனது என்று அர்த்தம், உயிர் இருக்கிற வரைக்கும்தான் குரல் ஆடும். பின்னாலே பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தரையில் இழுத்துப் போடுகிற சத்தம், ஒன்று இரண்டு இல்லை, வரிசையாக. ஒரு பொம்பளை ஆள் அழுகிற சத்தம். வீட்டு வாசலில் நாற்காலி இறங்கிவிட்டது, அப்புறம் என்ன ஆஸ்பத்திரி. இதைக் கண்டுபிடிக்க போலீஸ் மூளை வேண்டுமா. அதுவும் ஞானதுரைக்கா. செத்துப் போனார் என்று யாரும் போனில் சொல்ல மாட்டார்கள், கொஞ்சம் சீரியஸ், உடனே கிளம்பி வாங்க என்றுதான் சொல்வார்கள், அப்படித்தான் சொல்ல வேண்டும், அவரே அப்படித்தானே சொல்லியிருக்கிறார். எஸ்.ஐ.யாகச் சேர்ந்த புதுசில் பைபாஸில் லாரி மோதி ஒரு பையன் செத்துப் போனான், வீட்டுக்குத் தகவல் சொல்ல யாரும் போக மாட்டேன் என்கிறார்கள், ஏட்டுகள் எல்லாம் தலையைச் சொறிகிறார்கள், சரி நானே போறேன் என்று போனார். பையனுக்குக் கால்ல அடி பட்டிருக்கும்மா, கொஞ்சம் சீரியஸ், நீங்க வாங்க. அந்த அம்மா உடனே அழவில்லை. இருங்க சார் என்று உள்ளே போய், மாற்றுத் துணி எடுத்து, பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றி, கஞ்சியை ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். வழியெல்லாம் பிளாஸ்க் மடியில். மார்ச்சுவரிப் பக்கம் ஜீப் திரும்பியபோதும் அவளுக்கு விளங்கவில்லை. அதற்கப்புறம் ஸ்டேஷனில் சாவுத் தகவல் என்றால் ஞானதுரையைத்தான் அனுப்பினார்கள், நீங்கதான் ஐயா பக்குவமா சொல்லுவீங்க. என்ன பக்குவம். ஒரே பொய்யை ஒரே மாதிரி சொல்லிச் சொல்லி நாக்கில் தழும்பு ஏறினதுதான் பக்குவம். அதே பொய்யை இன்னைக்கு அந்தப் பையன் இவரிடமே சொல்லிவிட்டான், சின்னப் பயல், கெட்டிக்காரன்தான் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. இசக்கி ஒரு புள்ளியோடு திரும்பி வந்து சேர்ந்தாள், தமயந்தி நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள்.

மறுபடியும் அதிர்ந்தது. விடமாட்டேன் என்கிறானே. இவரை ஏன் கூப்பிடுகிறான் என்றால் இசக்கியின் போன் இவரிடம்தான் இருக்கிறது, பிள்ளைகள் எல்லோருடைய போனும் இவர் காலடியில் இருக்கிற பைக்குள்தான் கிடக்கிறது. இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலமே வாங்கி வைத்துவிடுவார், இது இவர் கொண்டுவந்த வழக்கம், வேறு எந்த மாநிலத்து மேனேஜரும் செய்கிறதில்லை. லாக்கப்பில் வைக்கிறதுக்கு முன்னாடி அரைஞாண் கயிறக்கூட அவுத்து வாங்குத மாதிரி வாங்குறாரே என்று பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள், அவருக்கும் தெரியும். வீட்டில் யாருக்கு என்ன ஆனாலும் எனக்குக் கூப்பிடுங்க, நான் சொல்லிக்கிடுதேன் என்று முகாமுக்கு வந்த பெற்றோர் எல்லோரிடமும் நம்பர் கொடுத்ததும் இவர்தான். சொல்லிக்கிடுதேன் என்று சொன்ன வாய் இது. சட்டைப் பையில் கைக்குட்டை முடிச்சு இருந்தது, அதற்குள் பிள்ளைகளின் கம்மல், மூக்குத்தி, ஒரு முருகன் டாலர், இசக்கியின் கம்மல்தான் அதிலே சின்னது, பொட்டுத் தங்கம். எங்கப்பா எடுத்துக் குடுத்தது சார், பத்திரம் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் கழற்றிக் கொடுப்பாள். ஒரு தடவைகூட பத்திரம் சொல்லாமல் கொடுத்ததில்லை, போலீஸ்காரன் கையில் கொடுத்துவிட்டு பத்திரம் சொல்கிற பிள்ளை. அந்த அப்பா, கொம்பையா, முகாமுக்கு ஒரே ஒரு முறை வந்திருக்கிறார். உப்பளத்து வேலையிலிருந்து நேரே வந்தார் போல, பாதமெல்லாம் வெளுத்து வெடித்துக் கிடந்தது, செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வேப்ப மரத்தடியில் தள்ளி நின்றார். அன்றைக்குப் பார்த்து ஞானதுரை காக்கிச் சட்டையோடு வந்திருந்தார், அதனால் ஆள் கிட்டே வரவே இல்லை. இவராகப் போய், வாங்க, உங்க பிள்ள பிரமாதமா ஆடுது என்றதும் அந்த மனுஷன் கேட்டது ஜெயிக்குமா என்று இல்லை. பிள்ளைக்கு கையி காலெல்லாம் நல்லாயிருக்கா சார், அதைத்தான் கேட்டார். ஆட்டம் பார்க்க வர மாட்டார், டி.வி.யில் போட்டாலும் பார்க்க மாட்டார், யாராவது பிள்ளை மேலே விழுந்து அமுக்குவதைக் கண்ணால் பார்க்க முடியாதாம், வெளியே போய் உட்கார்ந்துகொள்வாராம். ஆனால் எந்த ஊரில் ஆடினாலும் ஆட்டம் முடிந்து கொஞ்ச நேரத்தில் இவர் போனுக்கு வந்துவிடுவார். கும்பிடுதேன் சார், இசக்கி அப்பா பேசுதேன், பிள்ளைக்கு கையி காலெல்லாம் நல்லாயிருக்கா. ஜெயிச்சாளா தோத்தாளா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நல்லாயிருக்கா, இந்தா பேசுங்க என்று போனை அவளிடம் கொடுத்தால் அப்பாவும் மகளும் பேசுவதற்கு ஒன்றுமே இருக்காது, ம், ம் என்று இரண்டு ம், சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வச்சிருதேன். அதற்கே இசக்கியின் முகம் கழுவித் துடைத்த மாதிரி ஆகிவிடும். இனி இன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் அந்த போன் வராது. அவள் எதிர்பார்த்து நிற்பாள், வராது. ஞானதுரை செருமிக்கொண்டார், என்ன சார் என்றாள் தமயந்தி, ஒண்ணுமில்ல, ஏ.சி. காத்து ஒத்துக்கிடல என்றார்.

ஆஃப் டைமில் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் எழுந்தார். பிள்ளைகள் வட்டமாக நின்று குளுக்கோஸ் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள், தமயந்தி இடது கார்னரில் நிற்கிற பிள்ளையைத் திட்டிக்கொண்டிருந்தாள், இசக்கி குனிந்து முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கினாள், தலையைத் தூக்கி இவரைப் பார்த்துச் சிரித்தாள், மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. சார், பிடிச்சிருவோம் சார் என்றாள். முதலில் தண்ணியக் குடி என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும். அவள் உட்கார்ந்து அழுதிருப்பாள், அவளைப் பார்த்து மற்றதுகளும் அழும், ஆட்டம் அதோடு போச்சு. போனால் வெறும் ஆட்டமா போகிறது. இந்த மெடல் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்கு அரசாங்க வேலை, அடுத்த வருஷம் வயசு தாண்டிவிடும், இதுதான் கடைசி வாய்ப்பு, கொம்பையாவும் இல்லாத வீட்டில் இனிமேல் அந்தச் சம்பளம்தான் சோறு. அவளுக்காகத்தான் சொல்லவில்லை. அவள் நல்லதுக்காகத்தான். அப்படித்தானா. ஓரமாக உட்கார வைத்த குரல் எழுந்து வந்துவிட்டது. ஞானதுரை, நீ ஆடின காலத்தில் ஒரு மெடல் வாங்கினியா. இல்லை. அகில இந்திய போலீஸ் விளையாட்டில் இறுதி ஆட்டம் வரைக்கும் போய், கடைசி ரெய்டில் முழங்கால் விலகி, எதிர்க் கோட்டுக்குள்ளேயே விழுந்து கிடந்தாய், உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த முழங்காலோடுதான் இன்னமும் ஜீப்பில் ஏறுகிறாய். அதற்கப்புறம் எத்தனை வருஷம் அணியைக் கூட்டிக்கொண்டு அலைந்தாய், ஒரு வருஷமாவது முதல் இடம் வந்ததா, மனைவி எமிலி சொல்லுகிறாளே, உங்களுக்கு அந்த வெறி பிள்ளைகள் மேலே இருக்கிற பாசம் இல்லை, உங்களுக்கு நீங்களே போட்டுக்கிட்ட கடன் என்று. ஆமாம். ஜெயிக்க வேண்டும் என்று இருக்கிறது. செத்தவரைத் தள்ளி வைத்துவிட்டாவது ஜெயிக்க வேண்டும் என்று இருக்கிறது. கர்த்தரே என்று மனசுக்குள் கூப்பிட்டார், கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது, கொம்பையாவின் ஆத்துமாவுக்காகக் கூப்பிடவில்லை, இரண்டு புள்ளிக்காகக் கூப்பிட்டிருக்கிறார். வெட்கமாக இருந்தது. இருந்தும் வாபஸ் வாங்கவில்லை. பாயில் ஹரியானாப் பெண் ஒருத்தி போனஸ் கோட்டைத் தாண்டும்போது நம் பிள்ளைகள் சங்கிலியாய்ச் சேர்ந்து அவளைத் தூக்கி அடித்தார்கள், தமயந்தி கத்தினாள், இவரும் கத்தினார், கத்தும்போதே பைக்குள் அதிர்ந்துகொண்டிருந்தது, கத்தி முடித்தபோது அதிர்வு நின்றிருந்தது.

அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. இப்போது அதுதான் தொந்தரவாக இருந்தது. வந்துகொண்டே இருந்தபோது வராமல் போகாதா என்று இருந்தது, வராமல் போனதும் பைக்கு மேலே வைத்த கை எடுக்க வரவில்லை. இசக்கி போனாள், இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தாள், கூட்டம் அமைதியானது, சமம் ஆயிற்று, இன்னும் கொஞ்ச நேரம்தான், அவருக்குச் சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் வேறு என்னவோ வந்தது. எத்தனை தடவை கூப்பிட்டிருப்பான். ஏழா, எட்டா, எண்ணவில்லை. ஏன் அத்தனை தடவை கூப்பிட்டான். ஞானதுரை தன் உத்தியோகத்தை ஒரு புரட்டுப் புரட்டிப் பார்த்தார். சாவு விழுந்த வீட்டிலிருந்து எவனாவது இப்படி விடாமல் கூப்பிட்டதைப் பார்த்திருக்கிறாரா. இல்லை. அங்கே மூத்த பிள்ளைக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும், பந்தல்காரனைப் பார்க்க வேண்டும், சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும், ஒரு தடவை சொல்லிவிட்டால் ஆள் தானாக வந்து சேரட்டும் என்று விட்டுவிடுவார்கள். விடாமல் கூப்பிடுகிறவன் எதற்காகவோ காத்திருக்கிறவன். ரத்தம் வேண்டும் என்று காத்திருப்பான், கையெழுத்து வேண்டும் என்று காத்திருப்பான், அல்லது யாரோ ஒருவர் இவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பார். முதுகுத்தண்டில் ஏ.சி. காத்து ஏறியது. நாற்காலி சத்தம். நாற்காலிகளை வீட்டு வாசலில் மட்டும்தான் இழுத்துப் போடுவார்களா. ஆஸ்பத்திரி வராந்தாவைக் கழுவும்போது வரிசையாக இழுத்து ஒதுக்குவார்களே, எத்தனை விபத்துக் கேஸுக்கு அந்த வராந்தாவில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். பொம்பளை ஆள் அழுதால் செத்துத்தான் இருக்க வேண்டுமா. குரல் ஆடாமல் பேசினானே என்றால், அவன் இன்ஸ்பெக்டரிடம் பேசுகிறான், காக்கிச் சட்டையைக் கண்டு வேப்ப மரத்தடியில் தள்ளி நின்றவரின் மகன், மனப்பாடம் பண்ணிக்கொண்டுதானே பேசுவான். சீரியஸ் என்று சொன்னான். அந்தப் பையன் யாரிடமும் சாவுத் தகவல் சொல்லிப் பழகினவன் இல்லை. அவனுக்கு அந்தப் பொய் தெரியாது. அவன் உள்ளதைச் சொல்லியிருக்கிறான், இவர்தான் அதற்கு மேலே கேட்காமல் வாயை அடைத்து, புரிஞ்சிட்டு தம்பி என்று வைத்திருக்கிறார். ஞானதுரை எழுந்தார். பழைய முழங்கால் மடங்கியது, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். எங்க சார் போறீங்க, கடைசி ரெய்டு என்று தமயந்தி கையைப் பிடித்து இழுத்தாள். கையை உதறிக்கொண்டு, பிள்ளைகள் பெஞ்சுக்குப் பின்னால், மேலே போகிற படிக்கட்டின் அடியில் போய் நின்று போனை எடுத்தார், அவசரத்தில் விரல் வேறு எதையோ அமுக்கியது, கெட்ட வார்த்தை சொன்னார், மறுபடியும் அமுக்கினார். எடுத்துவிடு தம்பி. எடுத்துவிடு. இப்போதே போனைக் கொண்டுபோய் அவள் காதில் வைக்கிறேன், ஆட்டம் நாசமாய்ப் போகட்டும், மெடலும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், டைம் அவுட் கேட்கிறேன், குறுக்கே போய்ப் படுத்தாவது நிறுத்துகிறேன். மூன்றாவது மணியில் எடுத்தான்.

"சார்" என்றான் பலவேசம். இப்போது குரல் ஆடியது. "எடுக்கலியே சார் நீங்க. அப்பா போன காதுல வச்சிட்டேதான் கெடந்தாவ. ரிங்கு போவுதுல, பிள்ள இப்ப எடுத்துருவான்னு சொல்லிட்டே கெடந்தாவ. இப்பத்தான் சார். இந்தா, இப்பத்தான் டாக்டர் பாத்துட்டுப் போறாவ."

இவர் பைக்கு மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்த ஒவ்வொரு தடவையும் அங்கே ஒருத்தர் காதுக்குள் மணி போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் உயிர் இருந்திருக்கிறது. ஆஃப் டைமில் அவள் சிரித்தபோது இருந்திருக்கிறது. இரண்டு ம் போதும், சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அவ்வளவுதான் அவர்கள் பேசுவது, அதற்கு ஒரு டைம் அவுட்கூட வேண்டாம். மேலே கூட்டம் திடீரென்று ஊளையிட்டது, பிறகு ஒரேயடியாக அடங்கியது, அந்த அடக்கத்துக்கு நடுவில் ஏழெட்டுப் பெண் குரல்கள் மட்டும் தமிழில் கிறீச்சிட்டன. ஜெயித்துவிட்டார்கள். இத்தனை வருஷமாகக் காதில் விழாதா என்று ஏங்கிய சத்தம். கத்துற சத்தம் அங்கேயும் கேட்டிருக்கும் போல, பலவேசம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்.

"வெளாட்டு முடிஞ்சிட்டா சார்? அக்காவுக்கு கையி காலெல்லாம் நல்லாயிருக்கா? அப்பா கேக்கச் சொன்னாவ."

நல்லாயிருக்குப்பா என்று சொன்னாரா, சொன்னதாக நினைத்துக்கொண்டாரா, தெரியவில்லை. போன் கையோடு இருந்தது. பெஞ்சுப் பக்கம் பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடந்தார்கள், தமயந்தி தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள், அந்தக் குவியலிலிருந்து ஒருத்தி மட்டும் பிய்த்துக்கொண்டு எழுந்து, சுற்றுமுற்றும் தேடி, படிக்கட்டின் அடியில் நிற்கிறவரைக் கண்டுபிடித்து நொண்டாமல் கொள்ளாமல் நேராக ஓடி வந்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்திருந்தது, அது அவளுக்குத் தெரியவில்லை. இவர் சட்டைப் பையில் கையை விட்டுக் கைக்குட்டை முடிச்சைத் தேடினார், முதலில் கம்மலைக் கொடுத்துவிடலாம், கம்மலைக் கொடுத்துவிட்டு அப்புறம், அப்புறம் என்ன. முடிச்சு அவிழவில்லை. இசக்கி மூச்சு வாங்கிக்கொண்டு எதிரே வந்து நின்றாள், வந்த சிரிப்பு அவர் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நின்றது. சொல்லிவிட வேண்டும். இந்தப் பிள்ளையிடமாவது உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். இப்பத்தான் போனாரும்மா, உன்னைக் கேட்டுக்கிட்டே இருந்தாரு, நான்தான் எடுக்கல. வார்த்தைகள் வரிசையாக நின்றன. வாயைத் திறந்தார். இத்தனை வருஷம் எத்தனையோ வீட்டு வாசலில் நின்று பழகின நாக்கு அவரைக் கேட்காமலே புரண்டது.

"அப்பாவுக்கு நெஞ்சு வலியாம்மா. ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க. கொஞ்சம் சீரியஸ்."

இசக்கி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு ரெய்டில் சிராய்த்துச் சிவந்திருந்த கையை அவர் பக்கம் நீட்டினாள்.

"அப்ப போனத் தாங்க சார். நான் நல்லாயிருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லிருதேன், அப்பா பயந்துட்டு கெடப்பாவ."